இஷெனாலியின் ரத்தக்குழாய்க் கடை

ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர்ச் சந்தையில் இரும்புக் கன்டெய்னர்களை வரிசையாக நிறுத்திக் கடைகளாக்கியிருக்கிறார்கள். செல்போன் ரிப்பேர் செய்பவனுக்கும் தொப்பி விற்கும் கலீமாவுக்கும் நடுவில் ஒரு கன்டெய்னர் காலியானபோது இஷெனாலி அதைப் பிடித்தான். வாசலில் சீட்டுக்கட்டு ஆட்டீன் மாதிரி ஒரு சிவப்பு இதயம் வரைந்து, ‘ரத்தக்குழாய் பரிசோதனை நிலையம்’ என்று பலகை மாட்டினான். மனித இதயம் அந்த வடிவத்தில் இருக்காது. முஷ்டி அளவில், இடப்பக்கம் சாய்ந்து, மேலே மஞ்சளாகக் கொழுப்புத் திட்டு படிந்த ஒரு சதைப்பை அது. அதை அப்படியே வரைந்து மாட்டியிருந்தால் ஒருவரும் உள்ளே வந்திருக்க மாட்டார்கள். இது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுக்குத் தெரிந்தவை எல்லாமே இந்த ரகம்தான்.

நான் சைரா. இதே ஊர் மருத்துவமனையில் இதய டாக்டர். இஷெனாலியும் நானும் பள்ளியில் ஒரே வகுப்பு. அதனால்தான் அவனை ‘அவன்’ என்கிறேன். மரியாதை கொடுக்க வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்த்தாயிற்று.

எங்கள் மொழியில் ‘இஷென்’ என்றால் ‘நம்பு’. கணவாய்களில் லாரி ஓட்டிய நல்ல மனிதர் ஒருவர் தன் பிள்ளைக்கு ஆசையாக வைத்த பெயர். பிள்ளை அந்தப் பெயரையே பிழைப்பாக்கிக்கொண்டான். சோவியத் காலத்தில் கலாசார மன்றத்தில் கடவுள் இல்லை என்று சொற்பொழிவு ஆற்றினான். சோவியத் உடைந்த குளிர்காலத்தில் தாடி வளர்த்து, புனித ஊற்றின் தண்ணீர் என்று சொல்லி பாட்டிலில் அடைத்து விற்றான். கடவுளைப் பற்றிப் பேசிய அதே குரல், அதே கையாட்டம். பிறகு தண்ணீர் வடிகட்டி விற்றான். அதன்பின் முழங்கால் வலிக்குக் காந்த வளையல். கடைசியில் யாரோ எல்லைக்கு அப்பாலிருந்து கொண்டுவந்த ஒரு பெட்டியை வாங்கி, வெள்ளைக் கோட்டு தைத்துப் போட்டுக்கொண்டு, இதயத்துக்கு வந்து சேர்ந்தான்.

அந்தப் பெட்டியில் ஒரு வயர், வயரின் முனையில் ஒரு உருக்குக் குச்சி. வருகிறவர் குச்சியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கணினித் திரையில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஓடும். கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் பக்கம் பக்கமாகத் துப்பும். எந்த மொழியிலிருந்தோ தப்பும் தவறுமாக மாற்றிய ரஷ்ய மொழி. ‘உங்கள் மூளையின் ரத்த ஓட்டம் சற்று சோகமாக உள்ளது’ என்று ஒரு வரியை நானே என் கண்ணால் படித்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை மடித்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு திரிந்த பெரிய மனிதர்கள் இந்த ஊரில் உண்டு. படித்தவர்கள். கணக்கு வாத்தியார் ஒருவர் கூட.

பரிசோதனை முடிந்ததும் இஷெனாலி தன் உபதேசத்தை ஆரம்பிப்பான்.

“உங்க வீட்டு ஹீட்டர் குழாயை என்னிக்காவது அறுத்துப் பாத்திருக்கீங்களா, பைகே? உள்ள எப்படித் துரு புடிச்சிருக்கும்? உங்க ரத்தக்குழாயும் அப்படித்தான் இருக்கு. அறுபது சதவீதம் அடைச்சுப் போச்சு.”

“போன மாசம் ஐம்பத்தஞ்சுன்னு சொன்னீங்க.”

“அதைத்தானே சொல்றேன். ஏறிக்கிட்டே போகுது.”

பைகே என்றால் அண்ணன். தன்னைவிட ஒரு நாள் இளையவனாக இருந்தாலும், கையில் பணப்பை இருந்தால் இஷெனாலிக்கு அவன் பைகேதான். உபதேசத்தின் முடிவில் துருவைக் கழுவும் மாத்திரைக் குப்பி ஒன்று மேஜைக்கு வரும். புல்லும் மாவும் கலந்து அடைத்தது. கெடுதல் செய்யாது என்பான். அது ஒன்றில் மட்டும் உண்மை பேசினான். நல்லதும் செய்யாது.

ரத்தக்குழாய் ஹீட்டர் குழாய் இல்லை. அது உயிருள்ள சதை. உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனத்துக்கு ஒரு மெல்லிய விரிப்பு இருக்கிறது. அதிக ரத்த அழுத்தம், சிகரெட் புகை, சர்க்கரை எல்லாம் சேர்ந்து அந்த விரிப்பைப் புண்ணாக்கும்போது, ரத்தத்தில் மிதக்கும் கெட்ட கொழுப்பு அதன் அடியில், குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அதைத் தின்று தீர்க்க வெள்ளை அணுக்கள் பின்னாலேயே நுழைகின்றன. தின்று தின்று ஊதி, அங்கேயே சாகின்றன. கொழுப்பும் பிணங்களும் சேர்ந்து கூழ் மாதிரி ஒரு குவியல். அதன்மேல் ஒரு தோல். வருஷக்கணக்காக ஆளுக்கு ஒன்றுமே தெரியாது. கல்யாணத்தில் ஆடுவான், செம்மறி வால்கொழுப்பை வழித்துத் தின்பான். ஒருநாள் அந்தத் தோல் கிழிகிறது. பெரிய குவியல்தான் கிழிய வேண்டும் என்பதில்லை, தோல் மெலிந்த நடுத்தரக் குவியல் ஒன்று போதும். ரத்தம் அதைக் காயம் என்று எடுத்துக்கொள்கிறது. விரலை வெட்டிக்கொண்டால் எப்படி உறையுமோ அப்படியே, தன் கடமையைச் செய்வதாக நினைத்து, உள்ளே உறைந்து பாதையை மூடுகிறது. அந்தப் பாதையை நம்பியிருந்த இதயத் தசை பட்டினியில் சாக ஆரம்பிக்கிறது. இதுதான் மாரடைப்பு. இதில் கழுவுவதற்குத் துரு எங்கே இருக்கிறது?

இதை நான் சந்தையில் நின்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். துரு என்றால் எல்லோருக்கும் புரிகிறது.

லாரி ஓட்டி ஓய்வுபெற்ற தொக்தோசுன் என்ற கிழவர் என்னிடம் ரத்த அழுத்தத்துக்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இஷெனாலியின் பேச்சைக் கேட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். மூச்சு முட்டி, வாயில் நுரை தள்ளி, மகன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நுரையீரலில் கோத்த நீரை இறக்கி அவரைப் பிழைக்க வைத்த மறுநாள் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. சந்தைக்குப் போனேன். போகிற வழியில் இறைச்சிக் கடையில் ஒரு முழ நீளம் கஸி வாங்கினேன். குதிரைக்கறியும் கொழுப்பும் குடலில் அடைத்துச் செய்வார்களே, அதுதான்.

கடையில் கூட்டம். இஷெனாலி எழுந்து நின்றான்.

“வா வா, சைரா. டாக்டரம்மாவே நம்மகிட்ட வந்துட்டாங்க, பாருங்க எல்லாரும்.”

“எனக்கு இல்ல. சொந்தக்காரர் ஒருத்தருக்குப் பரிசோதனை பண்ணணும்,” என்றேன். பையிலிருந்து கஸியை எடுத்து மேஜையில் வைத்து, உருக்குக் குச்சியை அதன்மேல் சாத்தி ஒரு ரப்பர் வளையத்தால் கட்டினேன். “ஓட்டு.”

அவன் தயங்கினான். கூட்டம் விடவில்லை. “ஓட்டுங்க பைகே, பாப்போம்,” என்றார்கள். ஓட்டினான். பச்சைக் கோடு, சிவப்புக் கோடு. காகிதம் வந்தது. நானே உரக்கப் படித்தேன். கல்லீரல் கொஞ்சம் களைப்பு, கால்சியம் குறைவு, இதயம் திடம், ரத்தக்குழாய்கள் இருபத்தைந்து வயது வாலிபனுடையவை.

கன்டெய்னர் அதிரச் சிரித்தார்கள். கலீமா தன் கடையை விட்டு ஓடிவந்து சிரித்தாள். இத்துடன் இவன் கதை முடிந்தது என்று நினைத்தேன். மனிதர்களை எடைபோடுவதில் நான் எப்போதும் அவனுக்குக் கீழேதான்.

இஷெனாலி காகிதத்தை வாங்கி நிதானமாகப் பார்த்தான். கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

“இதுல என்ன தப்பு இருக்கு? அது இளம் குதிரை. மேட்டுப் புல்வெளியில ஓடித் திரிஞ்ச குதிரை. அதுக்கு ரத்தக்குழாய் நல்லாத்தான் இருக்கும். செத்த குதிரைக்கே இவ்வளவு துல்லியமாச் சொல்லுதுன்னா, உசிரோட இருக்கற உங்களுக்கு எப்படிச் சொல்லும்னு நீங்களே யோசிங்க.”

கூட்டம் காகிதத்தைக் கைமாற்றிப் பார்த்தது. பிறகு அந்தக் கணக்கு வாத்தியார் மெதுவாகத் தலையாட்டினார். “சரியாத்தான் சொல்றார்,” என்றார். அடுத்த வாரம் கூட்டம் இன்னும் கூடிப்போனது. குதிரைக்கே பார்த்துச் சொன்ன மெஷின் என்று பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வந்தார்கள். கஸி என் காசு.

இஷெனாலியின் மனைவி புருல். தபால் ஆபீஸில் பார்சல் பிரிவில் வேலை. எங்களைவிடச் சின்னவள் என்பதால் என்னை ‘எஜே’, அக்கா, என்பாள். குறைவாகப் பேசுவாள், பேசினால் ஊசி. இப்படிப்பட்டவள் எப்படி இவனிடம் வந்து மாட்டினாள் என்று ஊரே கேட்டதுண்டு. கலாசார மன்றத்தில் அவன் சொற்பொழிவைக் கேட்டுத்தான் என்று அவளே ஒருமுறை சொன்னாள். “அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு எஜே, காது மட்டும்தான் வேலை செஞ்சுது.”

அவளுக்குச் சர்க்கரை வியாதி உண்டு. மருத்துவமனைக்கு வரக்கூடாது என்று அவன் கட்டளை. “என் பொண்டாட்டியே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா என் கடைக்கு எவன் வருவான்?” என்பது அவன் நியாயம். அவள் மருந்துக்கடையில் தானே கேட்டு வாங்கி, ஆபீஸ் மேஜையில் வைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில், கரி வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடப்பதற்குள் அவளுக்கு மூச்சு இளைத்தது. தபால் ஆபீஸ் படிகளில் பாதியில் நிற்க ஆரம்பித்தாள். தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு கனம். ஏப்பம். நடந்தால் கீழ்த்தாடை வலித்தது, நின்றால் விட்டது. பல் டாக்டரிடம் போனாள். அவர் ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். ஒருநாள் வலி அதிகமாகி ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்தவர் முதுகைத் தட்டிப் பார்த்து ‘ஆஸ்டியோகாண்ட்ரோசிஸ்’ என்று சொல்லி ஒரு ஊசி போட்டுவிட்டுப் போனார். இதை நான் மறைக்கப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எங்கே வலித்தாலும் முதுகெலும்புத் தேய்மானம்தான். வயது ஐம்பதைத் தாண்டிய பெண் என்றால் கூடவே நரம்புத் தளர்ச்சி. என் தொழிலில் இருக்கும் சோம்பேறிகள் கண்டுபிடித்து வைத்திருக்கும் இரண்டு பெரிய குப்பைத் தொட்டிகள் இவை. வெள்ளைக் கோட்டு போட்டவர்களில் இஷெனாலி மட்டும்தான் ஏமாற்றுக்காரன் என்று சொன்னால் அது அவனுக்குச் செய்யும் அநியாயம்.

நெஞ்சு வலி என்றால் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்வது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெண்களுக்கு, அதுவும் சர்க்கரை உள்ள பெண்களுக்கு, பல நேரம் அப்படி வருவதில்லை. சர்க்கரை நரம்புகளை மழுங்க வைத்துவிடுகிறது. களைப்பு, குமட்டல், தாடை, முதுகு என்று வேறு வேஷத்தில் வருகிறது. ஆனால் நடந்தால் வந்து நின்றால் போகிற வலி எங்கே வந்தாலும், இதயத்தை ஒருமுறை கேட்டுவிட வேண்டும். அவளைப் பார்த்த மூவரில் ஒருவரும் கேட்கவில்லை. மூன்றாவது ஆள் புருஷன்.

அன்று சனிக்கிழமை, சந்தை நாள். புருல் கணவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். கடைக்குள் நுழையும்போதே முகம் சாம்பல் நிறமாக இருந்தது என்றாள் கலீமா. ஸ்டூலில் உட்கார்ந்தவள் வியர்வையில் நனைந்தாள். வெளியே பனி தூவிக்கொண்டிருந்தது.

“முடியல. வயித்துக்கு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு,” என்றாள்.

வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஷெனாலிக்கு அது ஒரு வாய்ப்பாகத் தோன்றியது. “கவலைப்படாதே. எல்லாரும் கவனிங்க, என் சொந்த மனைவிக்கே பண்ணிக் காட்டறேன்,” என்று குச்சியை அவள் கையில் கொடுத்தான். அவளுடைய விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. அவனே தன் கையால் சேர்த்துப் பிடித்தான். கோடுகள் ஓடின. “பாத்தீங்களா, ரத்தக்குழாய் சுத்தம். என் குப்பியைத்தானே சாப்பிடறா. பித்தப்பைதான் கொஞ்சம் சோம்பேறியா இருக்கு.”

புருல் குனிந்து அவனுடைய பிரிண்டர் பக்கத்தில் வாந்தி எடுத்தாள். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, சந்தை வாசலில் கிளம்பத் தயாராக இருந்த மினிபஸ்ஸில் ஏறினாள். இஷெனாலி பின்னால் போகவில்லை. வரிசையில் ஆள் இருந்தது. அவன் தரையைத் துடைத்துவிட்டு, “அடுத்தவங்க வாங்க,” என்றான். கலீமாதான் கன்டெய்னர் கதவை இழுத்துச் சாத்தி, அவனுடைய வெள்ளைக் கோட்டின் காலரைப் பிடித்து, “ஏறுடா டாக்சியில, எருமை,” என்று தள்ளிக்கொண்டு வந்தாள்.

புருல் என் அறைக்குள் தானே நடந்து வந்தாள். “எஜே, மெஷின்ல நான் குமரிப் பொண்ணாம்,” என்றாள். அதற்குமேல் நிற்க முடியவில்லை.

நர்ஸ் அனாரா ஈ.சி.ஜி. எடுத்தாள். ஒவ்வொரு ஒயரும் இதயத்தை ஒவ்வொரு மூலையிலிருந்து பார்க்கிறது. மற்றவை ஓரளவு அடங்கியிருக்க, கீழ்ச் சுவரைப் பார்க்கும் மூன்று கோடுகள் மட்டும் தரையிலிருந்து எழும்பி, பூனை முதுகை வளைத்த மாதிரி நின்றன. கீழ்ச் சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் மூடிவிட்டது, தசை இப்போது செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ரத்தமும் எடுத்தோம். இதயத் தசை உடையும்போது மட்டும் கசியும் ஒரு புரதத்தை அதில் தேடுவோம். ஆனால் அதன் முடிவுக்குக் காத்திருக்கவில்லை. கோடு இப்படிப் பேசும்போது காத்திருப்பவன் டாக்டர் இல்லை. ஆஸ்பிரினைக் கடித்து விழுங்கச் சொன்னேன்.

அடைப்பைக் கம்பி விட்டுத் திறக்கும் வசதி தலைநகர் பிஷ்கெக்கில்தான். பள்ளத்தாக்கு வழியாக நாள் பாதி போய்விடும் தூரம். அதுவரை தசை தாங்காது. அதனால் முதலில் இங்கேயே ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை ஏற்றிவிட்டுப் பிறகு அனுப்ப வேண்டும். அந்த மருந்துக்கு ஒரு ஆபத்து உண்டு. உள்ளே வேறெங்காவது காயம் இருந்தால் அங்கேயும் ரத்தம் கொட்டும். எனவே கேள்விகள் கேட்டாக வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் கலீமா இஷெனாலியை உள்ளே தள்ளினாள்.

“இவளுக்குத் தலையில அடிபட்டிருக்கா? பக்கவாதம்? வயித்துல புண்? சமீபத்துல ஆபரேஷன் ஏதாவது?” என்று அவனைக் கேட்டேன்.

அவன் கையில் குப்பி ஒன்றைப் பிடித்திருந்தான். ஊசியையும் ஈ.சி.ஜி. காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். முகத்தில் உபதேசக் களை போய்விட்டது.

“கரைக்கற மருந்தா குடுக்கப் போற?” என்றான். “அது மூளையில ரத்தம் கசிய வைக்கும்னு சொன்னாங்களே. நேரா கம்பிவலை வெக்கறதுதானே நல்லது? எனக்கு அப்படித்தானே பண்ணாங்க.”

சொன்னது என்ன என்று அவனுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“உனக்கா? எப்ப?” என்றேன்.

அவன் கை தானாக நெஞ்சுப் பக்கம் போய்க் கோட்டைப் பொத்திக்கொண்டது. கலீமா அவனுடைய கோட்டின் உள்பையில் கையை விட்டாள். சின்ன பிளாஸ்டிக் டப்பா வந்தது. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை. நான் தொக்தோசுனுக்கு எழுதிக் கொடுத்ததும், இவன் நிறுத்தச் சொன்னதும் இதே மாத்திரைகள்தான்.

முந்தைய வருஷம் சரக்கு எடுக்க பிஷ்கெக் போயிருந்தபோது அவனுக்குப் படியேறுகையில் நெஞ்சு இறுகியிருக்கிறது. அவன் தன் பெட்டியின் குச்சியைத் தேடவில்லை. நேராக நல்ல இதய டாக்டரிடம் போயிருக்கிறான். ஓடும் பெல்ட்டில் ஓடவிட்டு ஈ.சி.ஜி. பார்த்து, ஆஞ்சியோ எடுத்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் வியாபார வேலை நீண்டுவிட்டது என்று சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து தினமும் கழிப்பறையில் நின்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தவன், வெளியே வந்து மற்றவர்களுக்குத் துரு கழுவிக்கொண்டிருந்தான்.

நான் நிறைய முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன். முட்டாள்தனத்தின்மேல் கோபப்பட்டு என்ன பயன்? இவனை முட்டாள் என்றுதான் அதுவரை வைத்திருந்தேன், அந்த அளவுக்குக் கருணையோடு.

“உனக்கு இவ்வளவு தெரிஞ்சிருந்து, இவளை ஏன் கூட்டிக்கிட்டு வரல?”

“பொம்பளைங்களுக்கு இது வராதுன்னு நெனச்சேன்,” என்றான். பிறகு தரையைப் பார்த்து, “கடையில ஆள் இருந்தாங்க,” என்றான்.

புருல் கண்ணை மூடியிருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். “அடி ஒண்ணும் படல எஜே. புண்ணும் இல்ல. மருந்தை ஏத்துங்க,” என்றாள். “அவரை வெளிய நிக்கச் சொல்லுங்க. காத்து வரட்டும்.”

மருந்து ஏறியது. அடைப்பு கரைந்து ரத்தம் திரும்பப் பாயும்போது, பட்டினி கிடந்த தசை சில நேரம் பித்துப் பிடித்தாற்போல் துடிக்கும். அவளுக்கும் அப்படி ஆனது. திரையில் கோடு கிறுக்கலாகச் சிதறியது, அவள் தலை சாய்ந்தது. அனாரா மின்னதிர்ச்சிப் பட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். ஒரே அடி. கோடு நின்றது, பிறகு ஒரு துடிப்பு, இன்னொன்று, ஒழுங்குக்கு வந்தது. புருல் கண் திறந்தாள்.

“எதுக்கு எஜே என்னை உதைச்சீங்க?”

“செத்துப் போயிட்ட. திருப்பிக் கூப்பிட்டேன்.”

“ஓ,” என்றாள். பக்கத்தில் நின்ற கலீமா அழுதாள். கொஞ்ச நேரத்தில் தாடை வலி விட்டதென்றாள் புருல். பூனை முதுகு மெல்லப் படுத்தது.

பிஷ்கெக்குக்கு அனாராவே கூடப் போனாள். வலப்பக்கக் குழாயில் அடைப்பின் மிச்சம் இருந்ததைப் பார்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். கீழ்ச் சுவரில் கொஞ்சம் தழும்பு தங்கிவிட்டது. அது போகாது. செத்த இதயத் தசை திரும்ப முளைப்பதில்லை. மிச்சமிருந்த தசை ஒரு வாழ்க்கைக்குப் போதுமானதாக இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது இஷெனாலியும் ஏறப் பார்த்தான். “பாரம் தாங்காது,” என்றாள் புருல். அவன் பின்னால் டாக்சியில் போனான் என்று கேள்வி. அங்கே வார்டில் மற்ற நோயாளிகளுக்குத் தன் கடையின் முகவரிச் சீட்டு விநியோகித்ததாகவும் கேள்வி. அனாரா பொய் சொல்கிறவள் இல்லை.

குளிர்காலம் பாதி கழிந்ததும் புருல் வேலைக்குத் திரும்பினாள். திரும்பிய வாரத்தின் சந்தை நாளில், நேராகக் கடைக்குப் போய் வாடிக்கையாளர் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கூட்டம் இருந்தது. அவன் அதற்குள், ‘என் மெஷின் முன்கூட்டியே எச்சரித்ததால் என் மனைவி பிழைத்தாள்’ என்று ஒரு புதுக் கதை கட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் அதை முழுதும் கேட்டாள். எழுந்து அவன் உள்பையிலிருந்து டப்பாவை எடுத்து மேஜையில் கவிழ்த்தாள்.

“இவரு தினமும் காலையில முழுங்கறது இதைத்தான். நெஞ்சுக்குள்ள பிஷ்கெக்ல வெச்ச கம்பிவலை இருக்கு. குப்பியில இருக்கறதை இவரு வாயில வெச்சதே இல்ல. உங்களுக்கு நெஞ்சு பாரமா இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்க வந்தா குதிரைக்கறின்னு சர்டிபிகேட் குடுப்பாரு.”

சத்தம் போடாமல் சொன்னாள் என்றாள் கலீமா, பார்சல் எப்போது வரும் என்று கவுன்டரில் சொல்வது மாதிரி.

ஊர் திருந்தியது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. கூட்டம் கலைந்து நேராக மருந்துக்கடைக்குப் போய், இஷெனாலி சாப்பிடும் அதே மூன்று மாத்திரையும் வேண்டும் என்று வரிசையில் நின்றது. பரிசோதனை இல்லை, அளவு இல்லை. கணக்கு வாத்தியாருக்கு ஏற்கெனவே அழுத்தம் குறைவு. மாத்திரை போட்டு வகுப்பறையில் மயங்கி விழுந்து, என்னிடம்தான் தூக்கிவந்தார்கள். “நீங்க எல்லாம் இதை எங்களுக்கு முன்னாடியே ஏன் சொல்லல?” என்று படுத்தபடி என்னைக் கேட்டார். நான் அவருடைய காலை உயர்த்தி வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். தொக்தோசுன் ஒருவர்தான் ஒழுங்காக வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, அளவு கேட்டு எழுதி வாங்கிப் போனார்.

இஷெனாலி கடையைக் காலி செய்தான். ஏரியின் மறுகோடியில் இருக்கும் ஊருக்குப் போய் இடுப்பு வலிக்கு ஏதோ பெல்ட் விற்கிறான். நன்றாகவே போகிறதாம். புருல் கூடப் போகவில்லை. விவாகரத்தும் கேட்கவில்லை. “அதுக்கு வேற ஆபீஸ் ஆபீஸா ஏறணும் எஜே, எனக்கு இப்பப் படி ஏறறது கஷ்டம்,” என்றாள். ஏரிக்கரையில் தினமும் நடக்கிறாள். வால்கொழுப்பை நிறுத்திவிட்டாள், நாக்கை நிறுத்தவில்லை.

அவன் வருஷத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில், என்னிடம் பரிசோதனைக்கு வருகிறான். பிஷ்கெக் தூரம் என்கிறான். வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. எனவே சட்டையைக் கழற்றச் சொல்கிறேன், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்கிறேன், நெஞ்சில் குளிர்ந்த ஜெல்லைத் தடவி எக்கோ கருவியை வைக்கிறேன். திரையில் நான்கு அறைகளும் தெரிகின்றன. சுவர்கள் எல்லாம் ஒழுங்காகச் சுருங்கி விரிகின்றன, வால்வுகள் சுத்தமாக மூடுகின்றன, ஒரு இடத்திலும் தழும்பு இல்லை. இந்த ஊரில் நான் பார்த்த அழகான இதயங்களில் அதுவும் ஒன்று. மாத்திரையை ஒருநாள் கூட விடாமல் சாப்பிடுகிறான்.

போன வசந்தத்தில் அவன் தலையைத் திருப்பி அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தன் இதயம் துடிப்பதைப் பார்க்கும்போது சிலர் அழுவார்கள், சிலர் பிரார்த்தனை முணுமுணுப்பார்கள்.

“சைரா, இந்த மெஷினை ஓட்டக் கத்துக்கறது ரொம்பக் கஷ்டமா?” என்று கேட்டான்.

நான் கருவியை எடுத்து மாட்டிவிட்டு, அவனே துடைத்துக்கொள்ளட்டும் என்று காகிதச் சுருளை அவன் பக்கம் தள்ளினேன்.